மீதி 9,990 நிமிடங்கள்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கால்பந்து பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ‘அதை உடற்கல்வி ஆசிரியர் அல்லவா பேச வேண்டும்?’ என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. பள்ளிப் பருவத்தில்கூடப் பந்தை உதைத்தவள் இல்லை. ஆடும் முறை, பயிற்சி, விதிகள் எல்லாவற்றையும் அவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு ஒரு ரசிகர் என்ன செய்கிறார் என்பதைப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். அதற்கும் நம் வகுப்பறைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். ஒருவருக்குப் பிடித்த அணி வாரம் ஒரு முறை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 90 நிமிடங்கள் போனால் மீதி 9,990. அந்தத் தொண்ணூறிலும் பந்து உண்மையில் உருண்டுகொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மற்ற நேரம் பந்து வெளியே போவதும், விசில் ஊதுவதும், விழுந்தவர் எழுவதுமாகக் கழியும். ஆனால் ரசிகர் வாரம் முழுவதும் ரசிகர்தான். நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் ஓடுவது ஒரு நாள். பந்தக்கால் நட்டதிலிருந்து கடைசிக் கடைக்காரர் கீற்றைப் பிரித்துக் கட்டும் வரை ஊருக்குத் திருவிழாதான். தேர் நிலைக்கு வந்த பிறகும் எந்த வீதித் திருப்பத்தில் வடம் இழுபட்டது என்ற பேச்சு அடுத்த ஆண்டு வரை ஓடும்.

இந்த மீதி நேரத்தை ஒரு நகரமே வாழ்ந்து காட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவைப் பார்க்க வேண்டும்.

அங்கே மோகன் பகான் 1889இல் தொடங்கிய கழகம். ஈஸ்ட் பெங்கால் 1920இல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 2–1 என்ற கணக்கில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை வென்றது. பதினொருவரில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். எதிரில் இருந்தவர்கள் பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள். இது பாடப்புத்தகங்களிலும் வர வேண்டிய செய்தி. ஆனால் எனக்குப் பிடித்தது அன்றைய கூட்டத்தின் கதை. மைதானத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் கண்ணில் படவே இல்லை. ஒலிபெருக்கி இல்லை, வானொலி இல்லை. கோல் விழுந்ததும் பட்டம் பறக்கவிட்டுத் தொலைவில் நின்றவர்களுக்குக் கணக்கைச் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வானத்தைப் பார்த்தபடி நின்ற அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அன்றைய தினத்தை அவர்களைவிட அதிகமாக அனுபவித்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரே விட்டு வந்த ஊரின் பெயராயிற்று. மேற்கு வங்காளத்துப் பூர்வீகக் குடும்பங்கள் பெரும்பாலும் மோகன் பகான் பக்கம். இந்தப் போட்டி சமையலறை வரை போயிருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் வீட்டில் ஹில்சா மீன். மோகன் பகான் வென்றால் இறால். ஆட்டத்தைப் பார்க்காத பாட்டிக்கும், சந்தைப் பையைத் திறந்ததும் முடிவு தெரிந்துவிடும். 1997இல் சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேருக்கு மேல் வந்ததாகப் பதிவு உள்ளது. ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் பார்வையாளர் பகுதியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அதன்பின் அந்த நகரம் ஆண்டுதோறும் அந்நாளைக் கால்பந்து ரசிகர் தினமாக அனுசரிக்கிறது. அன்று ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். சண்டையில் சிந்திய ரத்தத்தை நினைத்துப் பெயர் தெரியாத ஒருவருக்கு ரத்தம் கொடுப்பது! எந்த நன்னெறிப் பாடத்தை விடவும் இது மாணவர்களின் மனத்தில் நிற்கிறது. சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2024 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. கொல்கத்தாவில் பணியிலிருந்த பெண் மருத்துவர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையால் நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்ட் 18இல் நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணத்தால் ரத்தானது. ஆட்டமே இல்லை என்றான பிறகும் இரு அணி ரசிகர்களும் மைதானத்தின் வெளியே கூடினார்கள். சிவப்பு–பொன் கொடியும் பச்சை–மெரூன் கொடியும் ஒரே கூட்டத்தில் நின்று நீதி கேட்டன. பரம்பரை பரம்பரையாக ஒருவரை ஒருவர் கேலி செய்தவர்கள் அவர்கள். அன்றைக்கு ஆடுகளத்தில் ஒரு பந்துகூட உருளவில்லை.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகத்தைச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தபோது, ‘எங்கள் ஊர்க் கழகத்தை எடுத்துக்கொண்டு போனால் நாங்களே இன்னொன்று தொடங்குகிறோம்’ என்று ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் வீரர் தேர்வு வைத்தார்கள். ஒன்பதாம் நிலை லீக்கில் தொடங்கி 2011இல் முதல் நான்கு நிலைகளுக்குள் வந்துவிட்டார்கள். 2020இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பினார்கள். ரசிகர் என்றால் கைதட்டுபவர் என்று நினைப்போருக்காக இதைச் சொன்னேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பக்கத்து மாநிலம் இருக்கிறது. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸியின் கட்அவுட்டை நிறுத்தினார்கள். உடனே நெய்மாருக்கு அதைவிட உயரமாக ஒன்று, பிறகு ரொனால்டோவுக்கு. ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் கத்தாருக்கும் போகவில்லை, அர்ஜென்டினாவையும் கண்டதில்லை. மூங்கில் கட்டியதும், பணம் வசூலித்ததும், யாருடையது உயரம் என்று அளந்ததும்தான் அவர்களின் உலகக் கோப்பை.

நம் ஊரிலும் வடசென்னை வியாசர்பாடியில், குமரி மாவட்டம் தூத்தூர்க் கடற்கரைக் கிராமங்களில், கால்பந்து வீட்டுப் பேச்சாகவே இருக்கிறது. அப்பகுதிகளில் பணியாற்றியவர்கள் இங்கே இருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். தமிழ்ப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டாம் வரியில் நின்றுவிடுவான். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயர் நிரந்தரம். ஒரு நாள் வேறொரு பாடவேளையில் அவனிடமிருந்து பறித்த நோட்டு ஒன்று ஆசிரியர் அறை மேசைக்கு வந்தது. நாற்பது பக்க நோட்டு. அதில் உலகக் கோப்பைப் பிரிவுகள், புள்ளிப் பட்டியல்கள், ஒவ்வொரு நாளும் அடித்துத் திருத்திய எண்கள். ‘குரோஷியா’, ‘மொராக்கோ’, ‘நெதர்லாந்து’ எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருந்தான். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் தேநீர்க் கடையில் வாசித்துக் குறிப்பானாம். வாசிக்கவே வராது என்று நாம் எழுதி வைத்த பையன்!

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு அணியைக் காட்டி, “இவங்க அடுத்த சுற்றுக்குப் போவாங்களா?” என்று கேட்டேன்.

“கஷ்டம் மிஸ். கோல் வித்தியாசம் மைனஸ் ரெண்டு. நாளைக்கு மூணு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாதான் ப்ளஸ் ஒண்ணு வரும்.”

அதற்கு முந்தைய வாரத் தேர்வில் –2 + 3 என்ற கணக்குக்கு அதே மாணவன் –5 என்று எழுதியிருந்தான்.

கணித ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழுக்கள் பாடத்தை எண்கோட்டில் தவளை தாவுவதாகவும், வெப்பநிலை ஏறி இறங்குவதாகவும் நடத்துகிறோம். அவனுக்குத் தவளையைப் பற்றிக் கவலை இல்லை. ஓர் அணி வெளியேறிவிடுமோ என்று கவலை இருந்தது. கவலை இருக்கும் இடத்தில் குறி தவறுவதில்லை.

புள்ளிப் பட்டியலுக்குள் இன்னும் சுவையான கணக்குகள் இருக்கின்றன. இங்கிலாந்து லீக்கில் ஒரு காலத்தில் சமப்புள்ளி எடுத்த அணிகளைப் பிரிக்க ‘கோல் சராசரி’ பார்த்தார்கள். அடித்ததை வாங்கியதால் வகுப்பது. 2 அடித்து 1 வாங்கிய அணிக்கு விடை 2. 10 அடித்து 6 வாங்கிய அணிக்கு 1.67தான். அதாவது கதவைச் சாத்திக்கொண்டு ஆடுபவருக்குப் பரிசு. 1976–77 பருவத்திலிருந்து வகுத்தலை விட்டுக் கழித்தலுக்கு மாறினார்கள். இப்போது முதல் அணிக்கு 1, இரண்டாம் அணிக்கு 4. எது நியாயம் என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மணி அடித்த பிறகும் வகுப்பு கலையாது. ஒரு கோலும் வாங்காத அணிக்குச் சராசரி என்ன என்று யாராவது கேட்பார்கள். பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்க முடியாது என்ற பாடம் தானாக வந்து நிற்கும்.

மேல்நிலை ஆசிரியர்களுக்கும் ஒன்று. 2026 உலகக் கோப்பை 48 அணிகள், 12 பிரிவுகள் கொண்டது. மூன்றாம் இடம் பெறும் 12 அணிகளில் எட்டுக்கு அடுத்த சுற்றில் இடம். எந்த எட்டு என்பதைப் பொறுத்து யார் யாரோடு மோதுவது என்பது மாறும். 12இலிருந்து 8ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 495. அந்த 495 வகைகளையும் போட்டி விதிமுறையில் அட்டவணையாகவே தந்திருக்கிறார்கள். சேர்மானம் நடத்த இதைவிட நல்ல கரும்பலகை எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு, படம் ஒட்டும் ஆல்பம். இத்தாலியின் பனினி நிறுவனம் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையிலிருந்து வெளியிடுகிறது. 2022 ஆல்பத்தில் 670 படங்கள். ஒரு பொட்டலத்தில் 5. நம் பிள்ளைகள் ட்ரம்ப் கார்டு சேர்ப்பது போலத்தான். யாரிடமும் மாற்றிக்கொள்ளாமல் தனியாகவே ஆல்பத்தை முடிக்க ஒருவர் சராசரியாக எத்தனை படம் வாங்க வேண்டியிருக்கும்? ஏறத்தாழ 4,700. பொட்டலக் கணக்கில் 900க்கு மேல். கடைசி ஒரே ஒரு படத்துக்கு மட்டும் சராசரியாக 670 படம், அதாவது 134 பொட்டலம். ஏனென்றால் அந்த நேரத்தில் வருவதெல்லாம் ஏற்கெனவே ஒட்டியதாக இருக்கும். நாலு நண்பர்கள் இரட்டிப்பை மாற்றிக்கொண்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் உலகெங்கும் சிறுவர்களும், வெட்கத்தை விட்ட பெரியவர்களும், உலகக் கோப்பை நேரத்தில் கையில் படக்கட்டோடு மாற்றிக்கொள்ள அலைகிறார்கள். நிறுவனத்துக்கு இதில் நல்ல லாபம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பாட்டு இருக்கிறது. லிவர்பூல் ரசிகர்கள் பாடும் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ 1945இல் அமெரிக்க மேடை இசை நாடகம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. 1963இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழு பாடிய பிறகு மைதானத்துக்குள் வந்துவிட்டது. ரசிகர் வாழ்க்கையையே ‘ஃபீவர் பிட்ச்’ என்ற நூலாக 1992இல் எழுதிய நிக் ஹார்ன்பி முன்பு ஆங்கில ஆசிரியராக இருந்தவர். நம் ஆள்தான்.

மாணவிகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஈரானில் பல பத்தாண்டுகளாகப் பெண்கள் ஆண்கள் கால்பந்து பார்க்க மைதானத்துக்குள் போக முடியாத நிலை இருந்தது. ஜாஃபர் பனாஹியின் ‘ஆஃப்சைட்’ என்ற படம் 2006இல் வந்தது. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தைக் காண ஆண் வேடத்தில் போன பெண்கள் பிடிபட்டு, மைதானச் சுவருக்கு வெளியே தடுப்புக்குள் நிற்கிறார்கள். ஆரவாரம் கேட்கிறது, ஆட்டம் தெரியவில்லை. காவலுக்கு நிற்கும் சிப்பாய் எட்டிப் பார்த்து வர்ணனை சொல்கிறான். கால்பந்துப் படம், ஆனால் கால்பந்து ஏறக்குறையக் கண்ணில் படுவதில்லை. 2019 அக்டோபரில் தெஹ்ரான் மைதானத்தில் பெண்களுக்குக் குறிப்பிட்ட அளவு இருக்கைகள் ஒதுக்கினார்கள். அன்று ஈரான் கம்போடியாவை 14–0 என வென்றது. ஆட்டம் ஒருதலைப்பட்சமாக இருந்ததே என்று அன்று உள்ளே உட்கார்ந்திருந்த எந்தப் பெண்ணும் வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

நம் பள்ளிகளில் அப்படித் தடை எதுவும் இல்லை. ஆனால் இடைவேளையில் கால்பந்துப் பேச்சு நடக்கும் வட்டத்தில் மாணவிகள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருத்தி ஏதாவது சொன்னால், “ஆஃப்சைடுன்னா என்ன, சொல்லு பார்ப்போம்?” என்று தேர்வு வைப்பார்கள். பையன்களுக்கு அந்தத் தேர்வு கிடையாது. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2018–19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய வாகையர். மெஸ்ஸியின் பிறந்தநாள் தெரிந்த நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தகவல் பலகையில் எழுத ஐந்து நிமிடம் போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘சரி, கால்பந்தை வைத்து ஒரு செயல்திட்டம் கொடுத்துவிடலாம்’ என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அங்கேதான் எனக்குப் பயம். அந்த எட்டாம் வகுப்பு மாணவனிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். “இத வகுப்புல எல்லாருக்கும் காட்டலாமா?” “வேணாம் மிஸ்” என்றான். அத்தோடு விட்டுவிட்டேன். அந்த நோட்டு அவனுடையது. பள்ளி அவனுக்குக் கொடுத்த நோட்டுகளில் எல்லாம் சிவப்பு மை இருக்கிறது; அது ஒன்றில் இல்லை. நாம் மதிப்பெண் போடத் தொடங்கும் நாளில் அவன் வேறொரு நோட்டுக்குப் போய்விடுவான், அதை நமக்குக் காட்டமாட்டான். மூன்று வாரம் கழித்து அவனாகவே வந்து, “கோல் வித்தியாசத்த வெச்சு ஒரு கணக்கு போட்டிருக்கேன், பாருங்க” என்றான். அந்தக் கணக்கைத்தான் அடுத்த வாரத் தேர்வில், அவன் சம்மதத்தோடு, வகுப்புக்குக் கொடுத்தேன். வாசிப்பில் இன்னும் அவன் தடுமாறத்தான் செய்கிறான். ஆனால் நூலகப் பாடவேளையில் நாளிதழை முதலில் எடுப்பவன் அவன்.

எங்கள் பள்ளியில் இதற்கு எதிர்க்கருத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னிரவு வரை கைபேசியில் ஆட்டம் பார்த்துவிட்டு முதல் பாடவேளையில் தூங்குகிறார்கள் என்பது உண்மை. முழு ஆட்டத்தையும் விழித்துப் பார்த்தால்தான் ரசிகன் என்ற எண்ணத்தை நாம் உடைக்கலாம். காலையில் முடிவைப் படித்து, மதியம் பேசி, மாலையில் பட்டியலை நிரப்புபவனும் ரசிகன்தான். பட்டம் பார்த்த கூட்டத்தை அதற்காகத்தான் சொன்னேன். தோற்ற அணியின் ரசிகனைச் சாதி சொல்லியும் நிறம் சொல்லியும் திட்டுவது சமூக ஊடகத்திலிருந்து நம் வராண்டாவுக்கு வந்துவிட்டது. அதைக் கேலி என்று கடந்து போகாமல் அங்கேயே நிறுத்த வேண்டும். பணம் கட்டி அணி அமைக்கும் செயலிகளின் பெயர் பெரிய மாணவர்கள் வாயில் வந்தால் பெற்றோரிடம் பேசியாக வேண்டும். பட்டியல் நிரப்பும் கைக்கும் பந்தயம் கட்டும் கைக்கும் இடைவெளி அதிகமில்லை.

நாங்கள் செய்திருப்பது சின்ன ஏற்பாடுதான். ஆசிரியர் அறைக்கு வெளியே பழைய கரும்பலகை ஒன்றை மாட்டியிருக்கிறோம். அதில் ஆசிரியர்கள் எழுதுவதில்லை. இரண்டு விதிகள்: ஆண்கள் ஆட்டம் ஒன்று எழுதினால் பெண்கள் ஆட்டம் ஒன்றும் எழுத வேண்டும், யாரையும் இழிவாக எழுதக் கூடாது. எழுத்துப்பிழையை நாங்கள் திருத்துவதில்லை. அவர்களே ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்கிறார்கள், கொஞ்சம் சத்தமாக. போன வாரம் யாரோ இறால் படம் வரைந்து வைத்திருந்தார்கள்.

உங்கள் பள்ளியில் கால்பந்து இல்லாமல் கபடியோ, ஜல்லிக்கட்டுக் காளையோ, நடிகரோ இருக்கலாம். அதைப் பற்றி நீங்கள் சொல்லக் கேட்க விரும்புகிறேன். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.